குடந்தைப் பட்டணமும் ஏடு காத்த ஐயரும்

கோயில் மலர்களில் நாயன்மார்களின் வரலாறும் சித்தர்களின் வரலாறும் இடம்பெறுவது வழமை. இக்கட்டுரையில் சொல்லப்படுபவர் நாயன்மாரும் அல்லர், சித்தரும் அல்லர். அவர் ஒரு கல்லூரித் தமிழாசிரியர். தமிழ்த் தாத்தா என்று உலகம் போற்றும் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் அவர்களே அவர். வைகாசி மாதத்தில் தம்பிலுவில், பட்டிமேடு, காரைதீவு முதலிய நமது பகுதிக் கண்ணகை அம்மன் ஆலயங்களில் கதவு திறந்து, வழக்குரை படித்து, குளிர்த்தி பாடும் அடியார்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அவருடையது. அவரது வரலாற்றை, அவர் இருபத்து மூன்று ஆண்டுகள் பணி செய்த ஆற்றங்கரைப் பட்டணத்தின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது. ஆகவே அப்பட்டணத்திலிருந்தே தொடங்குவோம்.

காவிரிக்கரைப் பட்டணம்

தமிழ்நாட்டிலே, தஞ்சாவூர் மாவட்டத்திலே, வடக்கே காவிரியும் தெற்கே அரசலாறும் ஓட, இரண்டுக்கும் இடையில் அமைந்திருப்பது கும்பகோணம். குடந்தை, குடமூக்கு என்பன அதன் பழம்பெயர்கள். பிரளய வெள்ளத்தில் மிதந்து வந்த அமுத கும்பம் தங்கிய இடம் என்பது தலபுராண வரலாறு. ஆதிகும்பேசுவரர், நாகேசுவரர், சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசாமி என்று திரும்பிய பக்கமெல்லாம் கோபுரங்கள். குடமூக்கும், நாகேசுவரர் கோயிலாகிய குடந்தைக் கீழ்க்கோட்டமும் தேவாரப் பாடல் பெற்ற திருத்தலங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் மகாமகத்தன்று இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து குளத்தில் நீராடுவர். அக்குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்கள் தஞ்சை நாயக்க மன்னர்களின் அமைச்சராயிருந்த கோவிந்த தீட்சிதரின் திருப்பணி. கடைசியாக 2016 ஆம் ஆண்டு மகாமகம் நடைபெற்றது. அடுத்தது 2028 இல் வரும்.

கோயில் இருக்கும் இடத்தில் சனம் கூடும், சனம் கூடும் இடத்தில் சந்தை கூடும். நெல்லும் வெற்றிலையும் விளையும் மருதநிலத்தின் நடுவே இருந்தமையால் குடந்தை இயல்பாகவே பெரிய வியாபாரப் பட்டணமாயிற்று. குடந்தை வெற்றிலை, பித்தளை வெண்கலப் பாத்திரங்கள், பட்டுச் சேலைகள், அருகிலுள்ள நாச்சியார்கோயிலின் குத்துவிளக்குகள் என்பன ஊர் தாண்டிப் பெயர் பெற்றவை. சௌராட்டிர நெசவாளர், சமண வியாபாரிகள், மடத்துத் தம்பிரான்மார், சமஸ்கிருத பண்டிதர், சங்கீத வித்துவான்கள் எல்லோரும் அங்கே கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் இவற்றோடு நீதிமன்றமும் சேர்ந்தது. காவிரிக்கரையில் 1854 ஆம் ஆண்டு தொடங்கிய அரசினர் பாடசாலை 1867 இல் கல்லூரியாக உயர்ந்தது. 1877 இல் புகையிரதமும் வந்தது. கணிதமேதை இராமானுஜன் வளர்ந்ததும் இப்பட்டணத்திலேதான். 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கி யாழ்ப்பாணம் வழியாகத் தமிழகம் சென்ற சுவாமி விவேகானந்தர், அடுத்த மாதம் குடந்தையிலும் சொற்பொழிவாற்றினார். ஆற்றின் இரு கரை மக்களையும் சேர்த்து வைக்கும் துறைபோல, பல சமயத்தாரையும் பல தொழிலாரையும் ஒன்றாய்க் கொண்டுவந்து சேர்ப்பதே அப்பட்டணத்தின் குணம். அந்தக் குணமே ஐயரின் பணிக்குக் கைகொடுத்தது.

இளமையும் குருவும்

குடந்தைக்கு அண்மையில், பாபநாசம் பகுதியில் உள்ள உத்தமதானபுரம் என்னும் சிற்றூரே ஐயரின் ஊர். பிறந்த நாள் 1855 பெப்ரவரி 19. தந்தையார் வேங்கடசுப்பையர் ஒரு சங்கீத வித்துவான். இராமாயணம் பாடியும் கதை சொல்லியும் கிடைப்பதைக் கொண்டு குடும்பத்தைக் காத்தவர். நிலையான வருமானம் இல்லாத வீடு. தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று பலர் ஐயப்பட்ட காலத்தில், மகனின் தமிழ்ப் பசியைக் கண்ட அத்தந்தை, ஊர் ஊராகக் குடும்பத்தைக் கொண்டுசென்று ஆசிரியர்களிடம் சேர்த்தார்.

1871 ஆம் ஆண்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் மாணவனாகச் சேரும் பேறு கிட்டியது. தலபுராணங்களை மழைபோல் பொழிந்த பெரும்புலவர் அவர். வேங்கடராமன் என்ற பெயருடன் வந்த பிள்ளையைச் சாமிநாதன் என்று அழைத்தவர் அவரே. அந்தப் பெயரே நிலைத்தது. குருவோடு திருவாவடுதுறை ஆதீனத்திலும் தங்கிப் படித்தார். சாப்பாட்டுக்கும் துணிக்கும் குறைவிருந்தாலும் பாடத்துக்குக் குறைவில்லை. 1876 பெப்ரவரி முதலாந் திகதி குரு சிவபதம் எய்தும்வரை அவரை விட்டுப் பிரியாமல் பணிவிடை செய்தார். அதன் பின்னர் ஆதீனகர்த்தராகிய சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்து, மடத்து மாணவர்களுக்குப் பாடஞ்சொல்ல வைத்தார்.

1880 இல் குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். அவரும் மகாவித்துவானின் மாணவரே. தம் ஆசனத்தில் சாமிநாதையரே அமர வேண்டுமென்று முயன்று அதனைப் பெற்றுக் கொடுத்தார். இந்த நன்றியை ஐயர் மறக்கவில்லை. பிற்காலத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராச விலாசம் என்றே பெயரிட்டார்.

ஒரு நீதிபதியின் கேள்வி

கல்லூரியில் சேர்ந்த அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் என்பவர் குடந்தைக்கு முன்சீப் நீதிபதியாக மாற்றலாகி வந்தார். சுப்பிரமணிய தேசிகரின் சொற்படி 1880 ஒக்டோபர் 21 ஆந் திகதி ஐயர் அவரைப் பார்க்கச் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கிக் கொண்டே போனார். முதலியார் முகத்தில் மலர்ச்சி இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை இவைகளைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய குருவும் பாடஞ்சொன்னதில்லை. ஏடு கண்ணிற் பட்டதுமில்லை.

அடியார்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தமிழகத்தின் தலைசிறந்த மகாவித்துவானிடம் ஏறக்குறைய ஐந்தாண்டு படித்த மாணவர் 1880 இல் சிலப்பதிகாரத்தைக் கண்டதில்லை. அதே காலத்தில், கடலுக்கு இப்பால் நமது கிழக்குக் கரையில், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் கண்ணகைக்குப் பொங்கலிட்டு, கப்புகனார் வழக்குரை படிக்கக் கேட்டுக் கோவலன் கதைக்குக் கண்ணீர் வடித்துக் கொண்டிருந்தார்கள். இளங்கோவடிகளின் நூலும் நமது வழக்குரையும் வெவ்வேறு என்பது உண்மையே. ஆனால் நூல் மறைந்து கிடந்த காலத்திலும் அம்மன் இங்கே மறையவில்லை என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விடயமாகும்.

வேறொருவராயின் முதலியார் கேள்வியால் மனம் நொந்து வீடு திரும்பியிருப்பார். ஐயரோ அடுத்தடுத்துச் சென்றார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினார்கள்.

சமணர் வீட்டில் ஒரு சைவர்

சீவகசிந்தாமணி சமண காவியம். அதிலுள்ள சமயச் சொற்கள் சைவ மடத்தில் படித்தவருக்கு விளங்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கே போவது? குடந்தையிலேயே சமணர் வீடுகள் இருந்தன. ஐயர் அங்கே சென்றார். அவர் போன நாளில் அவ்வீட்டில் தோரணம் கட்டி விசேடம் நடந்து கொண்டிருந்தது. விசாரித்தபோது, சிந்தாமணியைப் பாராயணம் செய்து நிறைவாக்கிய நாள் அது என்று தெரிய வந்தது. பண்டிதர்கள் மறந்த நூல் ஒரு சந்தைப் பட்டணத்து வியாபாரிகள் வீட்டில், நாம் கந்தபுராணம் படிப்பது போலப் பக்தியோடு படிக்கப்பட்டு வந்திருக்கிறது. வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய சமணப் பெரியோர் ஐயரின் சந்தேகங்களைத் தீர்த்து வைத்தனர்.

இதற்காக ஐயர் தம் சமயத்தில் சிறிதும் தளரவில்லை. திருநீறும் சிவபூசையும் மாறவில்லை. பிற சமயத்தார் நூலை அவர்கள் கருத்துப்படியே அச்சிட வேண்டும், தம் சொந்தக் கருத்தைப் புகுத்தக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். பின்னாளில் பௌத்த காவியமாகிய மணிமேகலையை ஆராய்ந்தபோதும் பேராசிரியர் ரங்காசாரியாரிடம் பௌத்த சமயக் கொள்கைகளைக் கேட்டறிந்தார். பல சமயத்தவரும் பக்கம் பக்கமாக வாழும் நமது பிரதேசத்தவர்க்கு இது நல்ல முன்மாதிரி.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை

குடந்தையில் ஐயர் சந்தித்த இன்னொருவர் நமது நாட்டவர். யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை அவர்களே அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். அக்காலத்தில் குடந்தையில் வழக்கறிஞராக இருந்தார். வீரசோழியம், இறையனாரகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகியவற்றை ஏட்டிலிருந்து அச்சேற்றியவர். ஆறுமுக நாவலர் காட்டிய வழியிலே பழந்தமிழ் நூல்களுக்குத் துணிந்து கைகொடுத்த ஈழத்துப் பெருமகன். சிந்தாமணியைத் தாமே அச்சிட வேண்டும் என்ற விருப்பம் அவருக்கும் இருந்தது. முடிவில் அப்பணி ஐயரிடமே நின்றது. 1887 ஆம் ஆண்டு பிள்ளையவர்களின் கலித்தொகையும் ஐயரின் சீவகசிந்தாமணியும் வெளிவந்தன. ஒரே பட்டணத்தில் வாழ்ந்த ஓர் ஈழத்தவரும் ஒரு தஞ்சாவூர்க்காரரும் தமிழின் இரு பெருநூல்களை ஒரே ஆண்டில் உலகுக்கு அளித்தார்கள்.

நூலை அச்சிடுவது இலேசான காரியமன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. அடி எங்கே முடிகிறது என்று தெரியாது. ஒரு பிரதியில் இருப்பது இன்னொன்றில் இராது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பல நூல்களிலிருந்து மேற்கோள் எடுத்துக் காட்டுவார். எந்த நூல் என்று சொல்ல மாட்டார். அந்த மேற்கோள்களைத் தேடிப் போனபோதுதான் சங்க நூல்கள் ஐயர் கையில் சிக்கின. அவற்றின் ஏடுகள் எங்கே இருந்தன தெரியுமா? அவர் பல ஆண்டுகள் உண்டு உறங்கிப் படித்த அதே திருவாவடுதுறை மடத்து ஏட்டுக் கட்டுகளில் இருந்தன. கேட்பவர் இல்லாதபடியால் அவிழ்ப்பாரும் இல்லை.

கல்லூரி விடுமுறை வந்தால் புகையிரதம் ஏறிச் சென்னைக்குச் சென்று அச்சுக்கூடத்தில் இருந்து ஒப்புநோக்குவார். பணத்துக்கு முன்கூட்டியே கையொப்பக்காரர் சேர்ப்பார். அப்படியும் கடன்படுவார். எழுதுவினைஞனாக அரசாங்க சேவையில் இருந்தவன் என்ற முறையில், ஒரு மூலத்தையும் அதன் பிரதியையும் வரிக்கு வரி ஒப்பிடுவது எவ்வளவு கண்ணைக் கெடுக்கும் வேலை என்பதை நான் அறிவேன். ஒரு கோவையை ஒப்பிடவே ஒரு நாள் போய்விடும். அவர் செய்தது ஒரு வாழ்நாள் முழுவதும்.

ஆற்றில் போனவையும் தீயில் போனவையும்

ஏடு தேடி ஐயர் ஊர் ஊராக அலைந்தார். அப்பயணங்களில் அவர் கண்டவற்றுள் இரண்டு செய்திகள் கோயிற் பொறுப்பில் உள்ள நம் போன்றவர்களின் நெஞ்சில் தைக்க வேண்டியவை.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஏடுகளைப் பற்றி விசாரித்தபோது, பழைய ஓலைகளை ஆடிப்பெருக்கு நாளில் தேர்போலக் கட்டி ஆற்றில் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அப்படிச் செய்வது புண்ணியம் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியன் சேர்த்து வைத்த ஏடுகள் குவியலாகக் கிடந்தனவென்று கேள்விப்பட்டு ஆவலோடு போனார். கோயிலார் சொன்ன விடை அவரைத் திடுக்கிட வைத்தது. பழுதுபட்ட ஏடுகளை வீணாகப் போட்டுவைக்கக் கூடாது, நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட வேண்டும் என்பது விதியென்று கருதி, அப்படியே செய்து முடித்திருந்தார்கள்.

களவெடுத்தவன் கையாலோ பகைவன் கையாலோ அவை அழியவில்லை. பக்தியுள்ளவர்களின் கையால், நல்ல எண்ணத்தோடு, கோயிலுக்குள்ளேயே அழிந்தன. அறியாமையோடு சேர்ந்த பக்தி எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. அந்த ஓமத்தில் எந்தெந்த நூல்கள் எரிந்தன என்பதை இனி எவரும் அறிய முடியாது.

கண்ணகி வெளிவந்த ஆண்டு

சிந்தாமணியை அடுத்து 1889 இல் பத்துப்பாட்டு வெளிவந்தது. 1892 இல் அரும்பதவுரையும் அடியார்க்குநல்லார் உரையும் சேர்த்துச் சிலப்பதிகாரம் வெளிவந்தது. 1894 இல் புறநானூறு, 1898 இல் மணிமேகலை, 1903 இல் ஐங்குறுநூறு. குடந்தையில் வாழ்ந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் ஐயர் தமிழுக்குத் தேடிக் கொடுத்த செல்வம் இது.

1892 என்ற ஆண்டு நமக்கு இன்னொரு வகையிலும் மறக்க முடியாதது. அவ்வாண்டு மார்ச் 27 ஆந் திகதி, கண்ணகை அம்மன் கோயில் கொண்டிருக்கும் காரைதீவில் மயில்வாகனன் என்ற குழந்தை பிறந்தது. அக்குழந்தையே சுவாமி விபுலாநந்தர். வளர்ந்து துறவு பூண்ட அடிகளார், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஆதாரமாகக் கொண்டு, வழக்கொழிந்த பழைய யாழ்களை ஆராய்ந்து யாழ் நூல் இயற்றினார். 1947 ஜூன் மாதம் அதே சோழ நாட்டில், திருஞானசம்பந்தர் ஓடம் செலுத்திய தலமாகிய திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆந் திகதி அடிகளார் இறைவனடி சேர்ந்தார். காவிரிக்கரையில் ஐயர் அச்சிட்ட நூல் இல்லையேல் காரைதீவு முனிவரின் யாழ் நூலும் இல்லை.

சென்னையும் இறுதிக் காலமும்

1903 இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றார். 1906 இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரைத் தேடி வந்தன. 1919 இல் ஓய்வு பெற்றாரேயன்றி வேலையிலிருந்து ஓயவில்லை. தம் குருவின் வரலாற்றை 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பிறகு தம் சொந்த வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்தார். மணிமேகலை வெளியான காலத்தோடு அது நின்றுவிட்டது. ஆகவே அந்நூலிற் பெரும்பகுதி குடந்தையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நடந்த கதையே. உலக யுத்தம் காரணமாகச் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றிருந்தவர், 1942 ஏப்ரல் 28 ஆந் திகதி அங்கேயே சிவபதம் அடைந்தார். அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஏடுகளும் நூல்களும் 1943 இல் அவர் பெயரால் நிறுவப்பட்ட நூல்நிலையத்தில் சென்னையில் பாதுகாக்கப்படுகின்றன. உத்தமதானபுரத்தில் நினைவு இல்லம் இருக்கிறது.

நமது கரை

நமது பகுதியும் ஆறும் களப்பும் கடலும் சூழ்ந்தது. சம்பான்கள் வந்து நின்ற துறையாதலால் சம்மாந்துறை எனப் பெயர் வந்ததென்று பெரியோர் சொல்வர். நெல்லும் தயிரும் மீனும் மாறிக்கொண்ட சந்தைகளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கூடிப் பழகிய நாடு இது. ஏடுகளும் நம்மிடம் இருந்தன. கண்ணகி வழக்குரை, வைத்திய வாகடம், மாந்திரீகம், கோயில் கல்வெட்டு, குடிவழமை என்று எத்தனையோ. வித்துவான் வீ.சீ. கந்தையா அவர்கள் கண்ணகி வழக்குரையை 1968 இல் அச்சேற்றியபடியால் அது தப்பியது. தப்பாதவை பல. 1978 நவம்பர் சூறாவளியிலும், நீண்ட யுத்த கால இடப்பெயர்வுகளிலும், 2004 டிசம்பர் 26 கடற்கோளிலும் வீடுகளோடும் கோயில்களோடும் ஓலைப்பெட்டிகளும் போயின. எஞ்சியவற்றைக் கறையானும் ஈரமும் தின்கின்றன.

ஆகவே அடியார்களிடம் வேண்டிக்கொள்வது சில காரியங்கள். வீட்டுப் பரணிலும் சுவாமி அறையிலும் பழைய ஏடோ, வண்ணக்கர்மார் எழுதி வைத்த கணக்குக் கொப்பியோ, திருவிழா உபயப் பத்திரமோ இருந்தால், வாசிக்க முடியவில்லை என்பதற்காக எரிக்கவும் வேண்டாம், ஆற்றில் விடவும் வேண்டாம். சரசுவதி பூசைக்குச் சந்தனம் வைத்து மீண்டும் கட்டி வைப்பதோடு நின்றுவிடவும் வேண்டாம். ஏட்டை எவருக்கும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. வெயில் படாத வெளிச்சத்தில், ஓலை முறியாமல், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்தாலே பெரும் உதவி. இப்போது கைத்தொலைபேசியே அதற்குப் போதும். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 ஆம் ஆண்டு முதல் மின்வடிவில் பாதுகாத்து வரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகளின் உதவியையும் நாடலாம். ஏடு வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் நம்மிடையே மிகச் சிலரே உளர். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐயரிடம் பணம் இருக்கவில்லை, பதவி இருக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்பி, தெரிந்தவர் எச்சமயத்தவராயினும் அவர் வாசலுக்குப் போய்க் கேட்கும் பணிவு இருந்தது. கேட்டதைச் சோம்பாமல் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. இவ்விரண்டும் நமக்கும் இயலக் கூடியவையே. அம்பாளின் திருவருளால் நமது ஆலயத்தின் ஏடுகளும் எழுத்துக்களும் வரும் தலைமுறைக்குப் பத்திரமாய்ச் சென்று சேர்வதாக.

மேன்மைகொள் சைவநீதி விளங்குக உலகமெல்லாம்.